கதவுக்கு வெளியே கம்மூன்

மஅதிய்யா பாலத்தைத் தாண்டியதும் காற்று மாறிவிட்டது. அதுவரை கடல் பக்கமிருந்து வந்த ஈரம் நின்று, பாலைவனத்துக் கம்ஸீன் காற்று கிளம்பி, மைக்ரோபஸ்ஸின் கண்ணாடி இடுக்குகள் வழியே மஞ்சள் புழுதியை ஊதத் தொடங்கியது. முஅல்லிம் ஷெஹாத்தா தலைத்துண்டை அவிழ்த்து, மடியில் இருந்த ஈச்சமட்டைக் கூண்டின் மேல் போர்த்தினார். புறா கொண்டுபோகிற கூண்டு அது. உள்ளே ஃபுல்லா, கழுத்தில் புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டையும், சிரைத்த வயிற்றில் தையலுமாகச் சுருண்டு கிடந்தது. மூச்சு விடுகிறதா என்று அவர் அடிக்கடி துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

“ஃபெஸீக் வாடை குப்புனு அடிக்குதே. யாரு மூட்டையில வெச்சிருக்கீங்க?” என்று பின்சீட்டில் ஒரு பெண் கேட்டாள்.

“மூட்டையில இல்லம்மா, முன்சீட்டுல உக்காந்திருக்கு,” என்றான் டிரைவர். “பாதி ரஷீது ஊருக்கு மீனு ஊறப்போடுற முஅல்லிம், கடை மொதலாளி அவரு. குளிப்பாட்டி அத்தர் பூசினாலும் அந்த வாடை போவாது.”

வண்டி முழுக்கச் சிரித்தது. வேறு நாளாக இருந்தால் ஷெஹாத்தாவும் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

“பண்டிகை வாசல்ல வந்து நிக்குது. நீங்க பூனையத் தூக்கிட்டு அலெக்ஸாண்ட்ரியா சுத்துறீங்க. கடைய யாரு பாக்குறா?”

“நீ ரோட்டப் பாரு.”

திங்கட்கிழமை ஷம்முன் நஸீம், வசந்தப் பண்டிகை. ஊர் மொத்தமும் பாய் விரித்து ஆற்றங்கரையில் உட்கார்ந்து, பச்சை வெங்காயமும் எலுமிச்சையும் வைத்து, ஃபெஸீக்கை, உப்பில் ஊறிய மடவை மீனை, பிய்த்துத் தின்னப்போகிற நாள். ஷெஹாத்தாவின் வருஷமே அந்த ஒரு நாளுக்காகத்தான். குளிர் போகும்போது ஆற்றுமுகத்தில் விழுகிற மடவையை வாங்கி, வயிறு உப்பும்வரை கோரைப்பாயில் போட்டுவைத்து, கல் உப்பை செவுளுக்குள் திணித்து, மரப் பீப்பாயில் அடுக்கி மூடி, ஊறவிட வேண்டும். வயிறு கிழிந்த மீன் ஒன்று உள்ளே போனாலும் பீப்பாய் மொத்தமும் கெட்டுவிடும். அப்படிக் கிழிந்ததை அவர் பொறுக்கி எடுத்து வீசுவார். பூனைகள் காத்திருக்கும்.

இந்த முறை வீசிய ஒன்றின் தொண்டையில் தூண்டில் முள் இருந்தது, நைலான் நரம்போடு. அவர் பார்க்கவில்லை. ஃபுல்லா விழுங்கிவிட்டது. வாந்தியெடுத்து, சோறு தண்ணி விட்டு, கண் மேலேறிப்போனபிறகுதான் அலெக்ஸாண்ட்ரியாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குடலைத் திறந்து எடுத்தார்கள். ஒரு வாரம் போல அங்கேயே கிடந்தது. இன்று காலை, கொண்டுபோகலாம் என்று போன் வந்ததும், அவர் மனைவி இன்ஸாஃப் கையிலிருந்த உப்புச் சட்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

“உன் கை போட்டது. உன் கையே போயி எடுத்துட்டு வரட்டும்.”

அவ்வளவுதான். ஆனால் அதற்குள் இன்னொன்றும் இருந்தது என்று இருவருக்கும் தெரியும். பூனைகள் இரண்டும் மகன் ஹில்மியுடையவை. படகு கட்டும் துறையில், பலகை கழற்றிய ஒரு பழைய படகின் வயிற்றிலிருந்து கண் திறக்காத குட்டிகளாக எடுத்துவந்து, பஞ்சில் பால் நனைத்து ஊட்டி வளர்த்தான். வெள்ளைக்கு ஃபுல்லா, மல்லிகை என்று பேர். பழுப்புக் கடுவனுக்குக் கம்மூன், சீரகம். போன இலையுதிர் காலத்தில் ஹில்மி யாரிடமும் சொல்லாமல் ஆற்றுமுகத்தில் படகேறி இத்தாலிக்குப் போய்விட்டான். போவதற்கு முந்தின நாள் முற்றத்தில் அப்பனோடு வாய்ச்சண்டை. “இந்த நாத்தத்துல என்னால சாவ முடியாது யாபா” என்று அவன் சொன்னான். “போ. போனா இந்த வாசப்படிய மிதிக்காத. எனக்கு மகன் இல்லன்னு நெனச்சுக்கிறேன்” என்று இவர் சொன்னார். சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

இப்போது மிலானில் காய்கறிச் சந்தையில் பெட்டி தூக்குகிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தாய்க்கு போன் பண்ணுவான். முகம் தெரிகிற போன். கடைசியில் பூனை ரெண்டையும் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வைப்பான். போன வெள்ளிக்கிழமை, ஃபுல்லா மாடியில் தூங்குகிறது என்று இன்ஸாஃப் பொய் சொல்லிவிட்டாள். நாளைக்கு மறுபடியும் வெள்ளிக்கிழமை.

கூண்டுக்குள்ளிருந்து மருந்தும் சாராயமும் கலந்த மாதிரி ஒரு வாடை வந்தது. மருத்துவமனையில் அந்தப் பெண் டாக்டர் கூண்டைக் கையில் கொடுக்கும்போது நிறையச் சொன்னாள். குதிக்கவிடாதீங்க. உப்பு படக்கூடாது. ஒரு நாளைக்கு மேல சாப்பிடாம இருந்தா உடனே கொண்டாங்க. அப்புறம், “வீட்டுல வேற பூனை இருக்கா ஹாஜ்?” என்று கேட்டாள்.

“இருக்கு. இதுகூடப் பொறந்தது.”

“அப்ப ரெண்டையும் இப்ப சேத்து விட்டுடாதீங்க. இவ மேல எங்க வாசனைதான் இருக்கு. அதுக்கு இவள அடையாளம் தெரியாது. தனி ரூம்ல வெச்சு, கொஞ்சங் கொஞ்சமா.”

“ஒரு வயித்துல பொறந்தது டாக்டர்.”

“ஒரு வயித்துல பொறந்தாலும்.”

அவர் தலையை ஆட்டினார். குழந்தை ஏதோ சொல்கிறது என்று ஆட்டுவோமே, அப்படி.

*

வீட்டு முற்றத்தில் புழுதி சுழன்றுகொண்டிருந்தது. இன்ஸாஃபும், பண்டிகை வேலைக்கு வருகிற உம்மு ரகபும் திறந்த பீப்பாயின் மேல் சாக்கைப் பிடித்துக்கொண்டு, அவசரமாக மீனை எடுத்துத் தட்டுகளில் அடுக்கினார்கள். இரண்டு பேருக்கும் முழங்கை வரை உப்பு.

“உசிரோட இருக்காளா?” என்று இன்ஸாஃப் கேட்டாள். அவரைப் பார்த்து அல்ல, கூண்டைப் பார்த்து.

“இருக்கா.”

“மாப்பிள்ள ஊட்டுலேர்ந்து பொண்ணு வந்த மாதிரி கூண்டுல ஏறி வந்திருக்கா பாரு,” என்றாள் உம்மு ரகப். “கழுத்துல என்ன அது, புனலா? இவ வாயில எண்ணெய் ஊத்தவா?”

ஷெஹாத்தா கூண்டை முற்றத்து ஓரத்தில் வைத்துக் கயிற்றை அவிழ்த்தார். ஃபுல்லா தலையை வெளியே நீட்டி, பட்டை கூண்டில் இடித்து, பின்வாங்கி, மறுபடியும் மெல்ல வெளியே வந்தது. கால்கள் வெடவெடவென்று நடுங்கின. இன்ஸாஃப் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். “வா என் கண்ணு, வா என் மவளே,” என்றாள். அவள் குரல் அப்படி இளகி ஷெஹாத்தா கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

அப்போதுதான் கம்மூன் உப்புக் கொட்டகைக் கூரையிலிருந்து இறங்கி வந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு, வழக்கம்போல மூக்கோடு மூக்கு வைக்கத்தான் வந்தது. ஒரு சாண் தூரத்தில் நின்றது. மோந்தது. அதன் முதுகு மயிர் கழுத்திலிருந்து வால்வரை எழுந்து நின்றது. தொண்டைக்குள்ளிருந்து அவர்கள் யாரும் அதனிடம் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது.

“என்னடா அது, கம்மூ—” இன்ஸாஃப் முடிப்பதற்குள் பாய்ந்துவிட்டது.

இரண்டும் ஒரே உருண்டையாகப் புழுதியில் புரண்டன. பட்டை டப்டப்பென்று தரையில் அடித்தது. ஃபுல்லாவால் கடிக்க முடியவில்லை, பட்டை தடுத்தது. உம்மு ரகப் சாக்கை வீசினாள். ஷெஹாத்தா கையை உள்ளே விட்டுக் கம்மூனின் பிடரியைப் பிடித்தார். அது திரும்பி அவர் மணிக்கட்டைக் கிழித்தது. அந்த இடைவெளியில் ஃபுல்லா வயிற்றைத் தரையில் தேய்த்தபடி கொட்டகைக்குள் ஓடி, சுவருக்கும் பீப்பாய் வரிசைக்கும் நடுவில் இருந்த கையளவு சந்தில் நுழைந்துவிட்டது.

போன வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக ரத்தம்.

இன்ஸாஃப் கொட்டகை வாசலில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். “தெரியல. ஒண்ணும் தெரியல. உப்புல படுத்திருக்கா! அங்க பூரா உப்பு கொட்டிக் கெடக்கு. தையல்ல உப்பு ஏறும்.” எழுந்து நின்றாள். “பீப்பாய நகத்து.”

ஷெஹாத்தா ஒரு பீப்பாயின் மூடிமேல் கை வைத்தார். அந்த வரிசை இன்னும் மூடி திறக்காத வரிசை. சனி, ஞாயிறு விற்பதற்கானது. ஊறுகிற பீப்பாயை ஆட்டினால் மேலே மிதக்கிற கசடு கலங்கி இறங்கிவிடும், மீன் குழைந்துவிடும் என்பது அவர் வாயிலிருந்து ஊரே கேட்ட பேச்சு. ஹில்மி சின்ன வயதில் ஒரு பீப்பாயில் சாய்ந்து உட்கார்ந்ததற்கு அறை வாங்கியிருக்கிறான்.

“என்ன யோசிக்கிற? நகத்துன்னு சொல்றேன்ல?”

“மொத வரிசைய மட்டும் எடுத்தா கை எட்டும்,” என்றார் மெதுவாக.

“எட்டலைன்னா ரெண்டாவதையும் எடு.”

கலாபியா அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டார். உருட்டக் கூடாது. சாய்க்காமல், விளிம்பைப் பிடித்து, அடியை அரக்கி அரக்கி நகர்த்த வேண்டும். ஆள் உயரத்தில் பாதி இருக்கிற பீப்பாய், உள்ளே மீனும் உப்பும் தண்ணியும். உம்மு ரகப் அந்தப் பக்கம் தோள் கொடுத்தாள். கிழிந்த மணிக்கட்டில் உப்புப் பட்டு அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. இப்படித்தானே ஃபுல்லாவுக்கும் வயிற்றில் எரியும் என்று நினைத்தார். நினைத்ததும் வேகமாக இழுத்தார். பீப்பாய்க்குள் தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டது.

“முஅல்லிம், ஆடுது, ஆடுது!”

“ஆடட்டும்.”

உம்மு ரகப் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் தோள் கொடுத்தாள்.

இரண்டாவது வரிசையும் நகர்ந்தபிறகுதான் கை எட்டியது. ஃபுல்லா சுவரோடு ஒட்டி, கண்ணை அகல விரித்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் கையைப் பார்த்துச் சீறியது. அவர் கையை இழுத்துக்கொள்ளாமல் அங்கேயே தரையில் வைத்திருந்தார். “நான்தான். நான்தான்டி,” என்றார். கடைசியில் தலைத்துண்டைப் போட்டு மூடி, அப்படியே அள்ளி வெளியே எடுத்தார்.

*

டாக்டருக்கு இன்ஸாஃப்தான் போன் போட்டாள். சத்தத்தைக் கூட்டி வைத்து, மேசைமேல் ஃபுல்லாவை மல்லாத்தினார்கள். ஷெஹாத்தா முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டார்.

“தையல் விட்டிருக்கா? நல்லாப் பாருங்க.”

“கீழ்க் கோடியில விட்டிருக்கு டாக்டர். ரத்தம் வருது.”

“தொடைச்சுட்டுப் பாருங்க. நடுவுல ரோஸ் கலர்ல, பளபளன்னு, ஏதாவது துருத்திட்டு வருதா?”

இன்ஸாஃப் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றினாள். ஒற்றுவதும் ரத்தம் ஊறுவதுமாக இருந்தது. வெளியே காற்று தகரக் கூரையை அடித்துக்கொண்டிருந்தது.

“இல்ல,” என்றாள் கடைசியில். “தோலு மட்டும் விரிஞ்சிருக்கு. உள்ள இன்னொரு தையல் தெரியுது.”

“அது பிடிச்சிருந்தா போதும். உப்பு, மண்ணு எல்லாத்தையும் நல்லாத் தண்ணி விட்டுக் கழுவுங்க. கழுவிட்டு சுத்தமான துணி வெச்சுக் கட்டுங்க. காலையில வீங்கியிருந்தாலோ, சாப்பிடலைன்னாலோ கொண்டாந்துடணும்.”

“ரோடு மூடிட்டாங்கன்னு சொல்றாங்க டாக்டர், புழுதியில.”

“தொறந்ததும் வாங்க. எப்படி ஆச்சு இது?”

“இன்னொரு பூனை பாஞ்சிடுச்சு. கூடப் பொறந்ததுதான், பைத்தியம் புடிச்ச மாதிரி—”

“நான் ஹாஜ்கிட்ட அவ்ளோ சொன்னேனே. தனி ரூம்ல வெக்கணும், சேத்து விடக் கூடாது, அதுக்கு அடையாளம் தெரியாதுன்னு. அவரு உங்ககிட்ட சொல்லலையா?”

இன்ஸாஃப் ஷெஹாத்தாவைப் பார்க்கவில்லை. டாக்டர் சொல்வதையெல்லாம் கேட்டாள். ஒரு துணியால் கம்மூனின் கன்னத்தைத் தேய்த்து ஃபுல்லாவின் பக்கத்தில் போட வேண்டும். ஃபுல்லாவைத் தேய்த்த துணியைக் கம்மூனுக்குப் போட வேண்டும். கதவு நடுவில் மூடியே இருக்க வேண்டும். நன்றி சொல்லிப் போனை வைத்தாள். காயத்தைக் கழுவி, கட்டுப் போட்டு முடித்தாள்.

“சொன்னாங்களா?” என்றாள் கடைசியில்.

“சொன்னாங்க.”

“ஏன் சொல்லல?”

“பூனைக்குப் பூனை அடையாளம் தெரியாதுன்னா நம்புற பேச்சா அது?”

“நீ யாரு பேச்சத்தான் நம்பியிருக்க? யாரு வாயத் தொறந்தாலும் நீ தலைய ஆட்டுவ. ஆட்டிட்டு நீ நெனச்சதச் செய்வ. அவனும்தான் வருஷக்கணக்காச் சொன்னான், என்னால முடியல யாபா, என்னால முடியலைன்னு. தலைய ஆட்டுன.”

“இப்ப எதுக்கு அவன இழுக்குற?”

“நாளைக்குப் போன் வரும். அவன் ஃபுல்லா எங்கன்னு கேப்பான். நான் என்ன காட்டட்டும்? இந்தப் புனலக் காட்டட்டுமா?”

“உம்மு ஹில்மி,” என்று உம்மு ரகப் வாசலிலிருந்து இன்ஸாஃபை மெல்லக் கூப்பிட்டாள். “பீப்பாய் தொறந்தபடி கெடக்கு. மண்ணு விழுது.”

இன்ஸாஃப் எழுந்தாள். “வீட்டுல மூடுற கதவு ஒண்ணுதான் இருக்கு,” என்றாள். சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

*

அது ஹில்மியின் அறை. அவன் போனதிலிருந்து ஷெஹாத்தா அதற்குள் கால் வைத்ததில்லை. இன்ஸாஃப் மட்டும் பெருக்கித் துடைத்துப் பூட்டுவாள். கட்டில், ஒரு அலமாரி, ஜன்னல் ஓரத்தில் அவன் கேலி பேசித் தொங்கவிட்டிருந்த வாசனைக் காகிதங்கள். மீன் வாடை இந்த அறைக்குள் வராமலிருக்க அவன் கதவின் விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தான். அடியில் மட்டும் விட்டுப்போயிருந்தது.

ஃபுல்லா கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. வேகவைத்த கோழி வைத்தார், தொடவில்லை. பால் வைத்தார், தொடவில்லை. மருந்தை மட்டும் ஊசிக்குழலில் உறிஞ்சி, வாயோரத்தில் விட்டு, தொண்டையைத் தடவி இறக்கினார். அதிலும் பாதி கலாபியாவில் ஒழுகியது. கதவுக்கு வெளியே கம்மூன் உறுமிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு உறுமலுக்கும் கட்டிலுக்கடியில் பட்டை கடகடவென்று ஆடியது. அவர் துணியால் ஃபுல்லாவின் கன்னத்தைத் தேய்த்துக் கதவைத் திறந்து வெளியே போட்டார். கம்மூன் அதை அறைந்து தள்ளிவிட்டது.

அன்று இரவு அவர் அந்த அறையிலேயே தரையில் படுத்துக்கொண்டார். விடிந்தபோது காற்று இன்னும் அடங்கவில்லை. ரோடும் திறக்கவில்லை. அவர் குனிந்து கட்டுத்துணியை விலக்கிப் பார்த்தார். வீக்கமில்லை. ஆனால் தட்டில் வைத்தது வைத்தபடி காய்ந்துகிடந்தது.

“சாப்புட்டாளா?” என்று இன்ஸாஃப் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டாள்.

“இல்ல.”

“ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. காத்து அடிச்சாலும் ஃபெஸீக்குக்கு வருவாங்க போலிருக்கு. நீ வரவேணாம். இங்கயே இரு,” என்றாள்.

முப்பது வருஷத்தில் பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவர் கடையில் இல்லாமலிருந்தது இல்லை. முன்னறையில் தராசுத் தட்டு விழுகிற சத்தமும், உம்மு ரகப் யாரையோ வம்புக்கு இழுப்பதும் கேட்டது. “முஅல்லிம் எங்கயா? பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியம் போட்டுட்டிருக்காரு உள்ள. மீன மோந்து பாக்கணும்னா என்கிட்ட குடு, நான் மோந்து சொல்றேன். என் மூக்கு என்ன மட்டமா?”

ஷெஹாத்தா எழுந்து அடுப்படிக்குப் போனார். மீன்காரன் காலையில் கொண்டுவந்து வைத்த பச்சை மடவை ஒன்று, பனிக்கட்டியில் கிடந்தது. உப்பு ஜாடியைக் கை தானாகத் தேடிப் போனது, நிறுத்திக்கொண்டார். வெறும் தண்ணீரில் வேகவைத்தார். அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, தரையில் சம்மணமிட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு மீனை உதிர்க்கத் தொடங்கினார். முள் மடவைக்கு ஒன்றும் அதிகமில்லை. ஆனால் அவர் ஒவ்வொரு இணுக்கையும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கி, உருட்டி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் வைத்தார். ஒருமுறை பார்த்ததை மறுபடியும் பார்த்தார். விரல் நுனியெல்லாம் வெள்ளையாக ஊறிப்போயிற்று.

கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் பட்டையை அவிழ்த்தார். அவிழ்க்கச் சொல்லவில்லைதான், ஆனால் பட்டையோடு ஃபுல்லாவால் தட்டை எட்ட முடியவில்லை என்பதை இரவெல்லாம் பார்த்திருந்தார். விரலில் கொஞ்சம் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் நீட்டினார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. தோள் மரத்துப்போயிற்று. பிறகு சொரசொரவென்று ஒரு நாக்கு அவர் விரலைத் தொட்டது. உப்பு ஏறி வெடித்த விரல், எரிந்தது. அசையாமல் வைத்திருந்தார். விரலில் இருந்தது போனது. இன்னொரு இணுக்கு. அப்புறம் இன்னொன்று. சாப்பிடுகிற சத்தத்தைக் கேட்க அவர் தன் மூச்சையே அடக்கிக்கொண்டார். கொஞ்சங் கொஞ்சமாகக் கையை இழுக்க, அது கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, தட்டில் வாயை வைத்து, பாதியைத் தின்றுவிட்டு, அவர் மடியில் ஏறிப் படுத்தது. கட்டுத்துணியை விலக்கித் தையலைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. பட்டையை மெல்லத் திரும்ப மாட்டினார். அது ஆட்சேபிக்கவில்லை. தூங்கிவிட்டது.

மசூதியில் ஜும்ஆ தொழுகை முடிந்து தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. தான் போகவில்லையே என்று நினைத்தார். அப்போதுதான் கட்டில் மேல் போன் அடித்தது. நேற்று இன்ஸாஃப் மேசைமேல் விட்டுப்போனதை அவர்தான் சாவியோடு எடுத்துவந்து இங்கே மின்சாரத்தில் மாட்டியிருந்தார்.

எழுந்து கொண்டுபோய்க் கொடுக்க முடியாது, மடியில் பூனை. கத்திக் கூப்பிட முடியாது, விழித்துக்கொள்ளும். போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஃபுல்லாவின் காது துடித்தது. ஷெஹாத்தா கையை நீட்டிப் போனை எடுத்து, பச்சையை அழுத்தினார்.

“யம்மா, இன்னிக்குச் சீக்கிரமே வேலைய முடிச்சுட்டு—” என்று ஆரம்பித்த ஹில்மி நிறுத்திக்கொண்டான். இளைத்திருந்தான். மீசையை எடுத்துவிட்டிருந்தான். அவன் பின்னால் அடுக்கிவைத்த பெட்டிகளும் நனைந்த தகரக் கூரையும் தெரிந்தன.

“உங்கம்மா கடையில இருக்கா,” என்றார் ஷெஹாத்தா.

“ம்.”

“கூட்டம் அதிகம்.”

“ம். நான் அப்பறமாப் போடறேன்.” அவன் விரல் திரையை நோக்கி வந்தது. வந்து நின்றது. “நீ என் ரூம்லயா இருக்க?”

“ஆமா.”

“மடியில என்ன? யாபா, போன எறக்கு. அது ஃபுல்லாவா? கழுத்துல என்னா அது? என்னா ஆச்சு?”

“முள்ளு முழுங்கிட்டா. நான் போட்ட மீனுல இருந்தது. நான் பாக்கல. குடலக் கீறி எடுத்தாங்க. இப்ப சாப்புட்டா. இப்பதான், நீ போன் போடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி.” ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனை வயிற்றுப் பக்கம் காட்டினார். திட்டட்டும் என்று காத்திருந்தார்.

ஹில்மி திட்டவில்லை. திரையை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான். “கம்மூன் எங்க?”

“கதவுக்கு வெளிய. அவனுக்கு இவள அடையாளம் தெரியல. ஆஸ்பத்திரி வாடை. நேத்து பாஞ்சு கடிச்சுட்டான். டாக்டர் சொன்னாங்க, நான்தான் கேக்கல.”

“அவனா? அவன் அவமேல தலைய வெச்சுத்தான படுப்பான்.”

“அதேதான் நானும் நெனச்சேன்.”

“எவ்ளோ நாளு ஆகும் தெரிஞ்சுக்க?”

“டாக்டருக்கே தெரியாதாம். சிலது ஒரு வாரம், சிலது மாசக்கணக்கு. கதவ கொஞ்சமாத் தொறந்து, மூடி, தொறந்து...” ஷெஹாத்தா பேச்சைப் பாதியில் விட்டார். அந்தப் பக்கம் யாரோ அந்நிய பாஷையில் கத்தினார்கள். ஹில்மி திரும்பி ஒரு வார்த்தை பதில் சொன்னான். அவன் அந்தப் பாஷையைப் பேசி அவர் கேட்டதேயில்லை.

“வேலையா?”

“இல்ல. சும்மா கூப்புடறான்.” பிறகு, “பண்டிகை வாரத்துல நீ இங்க உக்காந்திருக்க?” என்றான், நம்பாமல்.

“பண்டிகை வருஷா வருஷம் வருது.”

ஹில்மி முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரையில் அவன் காதும் கழுத்தும் மட்டும் தெரிந்தன. கழுத்து கறுத்து, பெட்டி தூக்கி உரசிய இடம் தடித்திருந்தது. வண்டி மாட்டுக் கழுத்து மாதிரி ஆயிடுச்சே என்று ஷெஹாத்தா நினைத்தார்.

“சாப்பாடெல்லாம் எப்படி?” என்று கேட்டார்.

“கெடைக்குது.”

“என்ன கெடைக்குது?”

“மாவுதான் யாபா. மாவ நீட்டமா வெட்டி வேக வெக்கிறாங்க, உருட்டி வேக வெக்கிறாங்க. தெனமும் அதே.”

“மீனு?”

“மீனு இருக்கு. உப்பே ஏறாத மீனு. ஒரு ருசியும் இல்ல.”

ஷெஹாத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. பூனை ஆடிவிடுமே என்று அடக்கிக்கொண்டார். அப்போது கதவுக்கு அடியில் வெளிச்சம் மறைந்தது. பார்த்தார். கம்மூனின் ஒரு பாதம் இடுக்கு வழியே உள்ளே நீண்டு, நகத்தை உள்ளிழுத்தபடி தரையில் கிடந்தது. உறுமல் இல்லை. அதற்கு இரண்டு பக்கமும் இன்ஸாஃபின் பாதங்களின் நிழல். எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. கதவைத் தட்டவில்லை, திறக்கவில்லை, போகவும் இல்லை.

“உம்மு ஹில்மி! முஅல்லிம்!” என்று உம்மு ரகப் முன்னறையிலிருந்து கத்தினாள். “ரெண்டு பேரும் எங்க போய்த் தொலைஞ்சீங்க? எனக்கு ரெண்டு கைதான் இருக்கு!”

கதவுக்கடியில் நிழல் அசையவில்லை.

படம் ஒரு நொடி உறைந்து மீண்டது. “யாபா? இருக்கியா?” என்றான் ஹில்மி.

“இருக்கேன்,” என்றார் ஷெஹாத்தா. “சொல்லு.” கை வலித்தது. போனை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.